பூனையாகச் சீறிய ஓஹாரு

அன்புள்ள ஐயா,

ஜப்பானிய இயக்குநர் மிசோகுச்சியின் ‘ஓஹாருவின் வாழ்க்கை’ (1952) பார்த்தேன். அரண்மனையில் இருந்தவள் தெருவுக்கு வரும்வரை அழுதுகொண்டே இருக்கிறாள். இதுவா பெண் சமத்துவப் படம்? எதிர்த்து நிற்கும் பெண்கள் வரும் ஜப்பானிய சரித்திரப் படங்கள் சிலவற்றைச் சொல்லுங்களேன்.

சுகன்யா

அன்புள்ள சுகன்யா,

அழுதுகொண்டே இருக்கிறாளா? நடுவில் போனை எடுத்துவிட்டீர்கள் போல. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

யாத்திரை வந்த இளைஞர்களுக்குப் புத்தி சொல்ல, ஒரு பெரியவர், தெருவில் உடலை விற்கும் நிலைக்கு வந்துவிட்ட ஓஹாருவின் பூச்சு அப்பிய முகத்தை வெளிச்சத்தில் காட்டுவார். காசை வாங்கிக்கொண்டு கிளம்பியவள் திரும்பி வந்து, விரல்களை நகமாக வளைத்துப் பூனை மாதிரி சீறுவாள். பல வருடங்களுக்கு முன் ஒரு திரையிடலில், அந்த இடத்தில் பின்வரிசை அம்மா ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். திரும்பி முறைத்தவர்களில் நானும் ஒருவன். இப்போது தோன்றுகிறது, அன்றைக்கு அரங்கில் படம் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

மிசோகுச்சி பெண்ணியவாதியா என்ற சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. அவருடைய அக்கா வறுமையால் கெய்ஷாவாக, அதாவது விருந்துகளில் ஆடிப்பாடி ஆண்களை மகிழ்விப்பவளாக, விற்கப்பட்டவர். அந்தக் குற்றவுணர்ச்சி பொய்யில்லை. ஆனால் ஒன்றை மட்டும் விட முடியவில்லை. ஓஹாருவாக நடித்த கினுயோ தனாகா 1953-ல் தானே ஒரு படத்தை இயக்கினார். இரண்டாவது படத்துக்குத் திரைக்கதையில் கைகொடுத்தவர் இன்னொரு பெரிய இயக்குநர் ஓசு. அதை இயக்கவிடக் கூடாதென்று எதிர்த்தவர் யார்? இயக்குநர் சங்கத் தலைவராக இருந்த இதே மிசோகுச்சி! திரையில் அவள் விழும்போதெல்லாம் உருகியவருக்கு, அவள் எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் பொறுக்கவில்லை. எனக்கும் அந்த மனிதரைத் தெரியும் சுகன்யா. பெண்களின் துயரத்தை உருகி உருகி எழுதிவிட்டு, தோழி ஒருத்தி தன் கதையை நீட்டியபோது ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று இரண்டு வருடம் மேஜையில் போட்டு வைத்திருந்தேன்.

தனாகா நிற்கவில்லை. மொத்தம் ஆறு படங்கள்.

சரி, பட்டியல் கேட்டீர்கள். மெய்ஜி காலத்து (1868-1912) உரிமைப் போராட்டத்துக்கு மிசோகுச்சியே 1949-ல் எடுத்த ‘என் காதல் எரிகிறது’ இருக்கிறது, தேடிப் பாருங்கள். ஆனால் முதலில் தனாகாவின் கடைசிப் படத்தைப் பாருங்கள், 1962-ல் வந்த ‘ஓகின்’. தேநீர்க் கலைஞர் ரிக்யூவின் வளர்ப்பு மகள் கதை. அதில், ஆள்பவனின் ஆசைக்கு இணங்காத ஒருத்தியைக் கட்டிக் குதிரைமேல் ஏற்றி, கொல்வதற்குத் தெருவழியே கொண்டுபோவார்கள். ஓகின் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நீங்களும் பாருங்கள், போனைத் தூர வைத்துவிட்டு.