மாடி மாறினால் ஜூம் கால் அறுந்துபோகிறது: மெராக்கி (சிஸ்கோ) வைஃபை

வணக்கம். சிக்னல் முழுசாக இருக்கிறது, உட்கார்ந்து பேசினால் சிக்கலில்லை, கீழ்த்தளத்திலிருந்து மாடிக்கு நடந்தால் மட்டும் ஜூம் அறுந்துபோகிறது என்கிறீர்கள். ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) இன்னும் இரண்டு வாங்குங்கள் என்ற யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

உங்கள் பதிவில் ஒரு வரி கண்ணில் பட்டது: அலுவலக நெட்வொர்க் 192.168-இல் தொடங்குகிறது, லேப்டாப்புக்கோ 10-இல் தொடங்கும் ஐபி. அந்த எஸ்எஸ்ஐடி (வைஃபை பெயர்) அநேகமாக நாட் (NAT) மோடில் இருக்கிறது, அதாவது ஆக்சஸ் பாயிண்டே தனி ஐபி கொடுக்கிறது. அதில் ஒவ்வொரு ஆக்சஸ் பாயிண்டும் தனித்தனியாக முகவரி மாற்றம் செய்கிறது. லேப்டாப் அடுத்த ஆக்சஸ் பாயிண்டுக்குத் தாவியதும், பழைய இணைப்புகள் அந்தப் புதியதற்குத் தெரியாது. வெப்சைட் திறப்பவருக்கு உறைக்காது. கால், விபிஎன் இரண்டும் மாட்டிக்கொள்ளும்.

மெராக்கி டாஷ்போர்டில் (நிர்வாகப் பக்கம்) வயர்லெஸ், அக்சஸ் கன்ட்ரோல் போய், ஐபி கொடுப்பதை வெளி டிஎச்சிபி சர்வருக்கு (அலுவலக நெட்வொர்க்கில் ஐபி வழங்குவது), அதாவது பிரிட்ஜ் மோடுக்கு மாற்றுங்கள். எல்லாரும் ஒருமுறை துண்டாகி மறுபடி இணைவார்கள், எனவே மாலையில் செய்யுங்கள். அதற்கு முன் உங்கள் டிஎச்சிபியில் போதிய ஐபி இருக்கிறதா பாருங்கள். போன்களையும் சேர்த்து எண்ண வேண்டும். விருந்தினர் வைஃபை நாட் மோடிலேயே இருக்கட்டும், அதுதான் அதற்குச் சரி.

அப்புறமும் அறுந்தால் ஆர்எஃப் ப்ரொஃபைலில் (ரேடியோ அமைப்புகள்) சிக்னல் பவரைக் குறைத்து, குறைந்தபட்ச பிட்ரேட்டை (வேகம்) 12 எம்பிபிஎஸ் ஆக்குங்கள். எப்போது தாவுவது என்று முடிவெடுப்பது லேப்டாப்தான். கீழ்த்தளச் சிக்னல் மாடியிலும் பலமாகக் கிடைத்தால் அது நகராது. அதே ப்ரொஃபைலில் சேனல் அகலம் என்ன வைத்திருக்கிறீர்கள்?