கணையத்தில் கட்டி என்கிறார்கள்: என்ன வகை என்று ஸ்கேனிலேயே தெரியுமா?

பினாங்கில் வயிற்றுவலிக்காக எடுத்த அல்ட்ராசவுண்டில் உங்கள் அம்மாவின் கணையத்தில் 'கட்டி போல' ஏதோ இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். அது புற்றுநோயா, எந்த வகை என்று ஸ்கேனை வைத்தே சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோலாலம்பூரில் ஸ்கேன் படம் எடுக்கும் ரேடியோகிராஃபராக இருக்கிறேன். படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவர் ரேடியாலஜிஸ்ட்தான். ஆனால் அவரால் எவ்வளவு சொல்ல முடியும் என்பது படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. குடலில் வாயு இருந்தால் அல்ட்ராசவுண்டில் சரியாகவே தெரியாது. அதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அடுத்தது சிடி ஸ்கேன். அதிலும் பொதுவான வயிற்று சிடி போதாது, கணையத்துக்கென்றே ஒரு முறை இருக்கிறது. படத்தில் திசுக்களைப் பிரித்துக் காட்டும் காண்ட்ராஸ்ட் மருந்தைக் கையின் ரத்தக் குழாயில் வேகமாகச் செலுத்தி, சுமார் 40, 45 வினாடியில் ஒரு தடவையும், 70 வினாடியை ஒட்டி இன்னொரு தடவையும் எடுப்போம்.

அந்த முதல் தடவையில்தான் விஷயமே இருக்கிறது. நல்ல கணையத் திசு அப்போது மருந்தை இழுத்துக்கொண்டு பளிச்சென்று இருக்கும். அதிகம் காணப்படும் புற்றுநோயான அடினோகார்சினோமாவில் நார்த்திசு அதிகம், ரத்த ஓட்டம் குறைவு. அதனால் அந்த இடம் கருத்துத் தெரியும். அதற்குப் பின்னால் கணைய நாளம் (செரிமான நீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாய்) பெரும்பாலும் வீங்கியிருக்கும். ஹார்மோன் சுரக்கும் செல்களில் உண்டாகும் நியூரோஎண்டோகிரைன் கட்டி பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: ரத்தக் குழாய்கள் நிறைந்தது, சுற்றியுள்ள கணையத்தைவிட வெளுப்பாகத் தெரியும். ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003இல் கண்டுபிடித்தது இந்த இரண்டாவது வகை. அவர் 2011 வரை வாழ்ந்தார். நேரம் தவறிப் படம் எடுத்தால் இரண்டுமே கணையத்தோடு கலந்து மறைந்துவிடலாம். சரியாக எடுத்தாலும் சில அடினோகார்சினோமா தனியாகத் தெரியாது. வீங்கிய நாளம் மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

நீர்க்கட்டி என்றால் கதை வேறு. தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகளாக இருந்தால் பெரும்பாலும் தெளிந்த நீர் நிறைந்த சீரஸ் வகை, அநேகமாக ஆபத்தில்லாதது. கணைய நாளத்தோடு தொடர்பிருந்தால் ஐபிஎம்என் (நாளத்துக்குள் சளி போன்ற திரவத்தைச் சுரக்கும் கட்டி) ஆக இருக்கலாம். அந்தத் தொடர்பை எம்ஆர்ஐயில், அதிலும் பித்த, கணைய நாளங்களைக் காட்டும் எம்ஆர்சிபி படத்தில் நன்றாகப் பார்க்கலாம். நாளத்தோடு தொடர்பில்லாமல், நடுவயதுப் பெண்ணின் கணைய வால்பகுதியில் இருந்தால் சளி போன்ற திரவம் நிறைந்த மியூசினஸ் வகையை நினைப்பார்கள்.

ஏமாற்றுபவையும் உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் கணைய அழற்சி சில சமயம் அப்படியே புற்றுநோய் போலவே தெரியும், ஆனால் ஸ்டீராய்டு மருந்திலேயே அடங்கும். வால்பகுதிக்குள் மண்ணீரலின் சிறு துண்டு ஒன்று பிறவியிலேயே இருந்தால் நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று தோன்றும். அதனால்தான் சந்தேகம் இருந்தால் எண்டோஸ்கோப்பி வழியாக அல்ட்ராசவுண்ட் செய்து, ஊசியால் திசு எடுக்கிறார்கள். கீமோ தொடங்க வேண்டுமென்றால் திசு முடிவு கட்டாயம். படம் தெளிவாக இருந்து, அறுவையில் எடுத்துவிடலாம் என்றால் சில சமயம் ஊசி இல்லாமலே நேராக அறுவைக்குப் போவார்கள்.

அப்புறம், வேறு மருத்துவமனைக்குப் போனால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. முழுப் படங்களும் உள்ள டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கோலாலம்பூர்ப் பக்கம் செலாயாங் மருத்துவமனை ஈரல், பித்தப்பை, கணைய அறுவைக்குப் பேர்போனது. அங்கும் டாக்டர்கள் படத்தைத் தாங்களே பார்க்கத்தான் விரும்புவார்கள்.

அம்மாவுக்குக் கண் மஞ்சளாகியிருந்தால், பித்தநாளத்தின் அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைக்கும் முன்பே இந்த சிடியை எடுத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்த பிறகு அதன் நிழலும் வீக்கமும் கட்டியின் எல்லையைக் குழப்பிவிடும். ஆனால் மஞ்சளோடு காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால் ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.