அயர்லாந்துல ஞானஸ்நானம் வாங்காத குழந்தைக்கு கத்தோலிக்க ஸ்கூல்ல சீட் கிடைக்குமா?

இப்போ கிடைக்கும். ப்ரைமரி ஸ்கூல்னா, ஞானஸ்நானம் ஆகலன்னு காரணம் காட்டி கத்தோலிக்க ஸ்கூல் உங்க பிள்ளையை வரிசையில பின்னால தள்ள முடியாது. ஆனா 2016ல நாங்க பட்ட பாடு வேற.

அப்போ டப்ளினுக்கு மேற்கால குடியிருந்தோம். பொண்ணுக்கு நாலு வயசு, ஜூனியர் இன்ஃபன்ட்ஸ் சேர்க்கணும், நம்ம ஊரு எல்கேஜி மாதிரி. வீட்ல இருந்து அஞ்சு நிமிஷ நடையில ஸ்கூல், ஃபார்ம்ல ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்டிருந்தாங்க, முதல்ல அந்தப் பங்கு, அதாவது அந்த சர்ச்சோட எல்லைக்குள்ள இருக்கிற கத்தோலிக்கப் பிள்ளைங்க, அப்புறம் வெளிப் பங்கு கத்தோலிக்கப் பிள்ளைங்க, மிச்சம் இருந்தாதான் மத்தவங்க. இடமில்லைன்னு லெட்டர் வந்துச்சு. எதிர்வீட்டுப் பொண்ணு யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு அதே ஸ்கூலுக்குப் போறா, இவ ஜன்னல்கிட்ட நின்னு நான் ஏம்மா போகலன்னு கேக்குறா. சீட் இல்லடான்னு மட்டும் சொன்னேன், நாம இந்துங்கிறதாலன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

சீட்டுக்காக மட்டும் ஞானஸ்நானம் வாங்கிடுங்கன்னு சொன்னவங்க உண்டு, நிறைய பேர் வாங்கவும் செஞ்சாங்க. எனக்கு மனசு ஒப்பல, நம்பிக்கையே இல்லாம பிள்ளை தலையில தண்ணி ஊத்துறது அந்த மதத்துக்கும் மரியாதை இல்லையே.

கோர்ட்டுக்குப் போகலாம்னா அதுக்கும் வழியில்ல, பாகுபாட்டைத் தடுக்க 2000ல வந்த ஈக்வல் ஸ்டேட்டஸ் ஆக்ட்டே தன் மதப் பிள்ளைங்களுக்கு முன்னுரிமை தரலாம்னு ஸ்கூலுக்கு அனுமதி குடுத்திருந்துச்சு. ப்ரைமரி ஸ்கூல்ல கிட்டத்தட்ட 90 சதவீதம் கத்தோலிக்க சபை கையில, டீச்சர் சம்பளமோ அரசாங்கம் குடுக்குது, அதாவது நான் கட்டுற வரியிலயும்தான். 2007ல டப்ளினுக்கு வடக்கால பால்பிரிகன்ங்கிற ஊர்ல சீட் கிடைக்காத பிள்ளைங்களுக்காக அவசர அவசரமா ஒரு ஸ்கூல் திறந்தாங்க, அதுல சேர்ந்தவங்க கிட்டத்தட்ட எல்லாருமே ஆப்பிரிக்கக் குடும்பத்துப் பிள்ளைங்க. சர்டிபிகேட்டை மட்டும்தான் பார்த்தோம்னு சொல்லலாம், ஆனா வெளியில நின்னது யாருன்னு பாருங்க.

ஐநா குழந்தைகள் உரிமைக் குழுவும் இதை மாத்தச் சொல்லிச்சு, 2018ல சட்டம் மாறுச்சு, 2019 செப்டம்பர் பேட்ச்சுக்கு அமலாச்சு. ஆனா சிறுபான்மை மத ஸ்கூலுங்க இன்னமும் தங்களோட மதப் பிள்ளைங்களுக்கு முன்னுரிமை தரலாம், செகண்டரி ஸ்கூலுக்கும் இந்த மாற்றம் கிடையாது, அதை மறந்துடாதீங்க.

சீட் கிடைச்சதோட முடியல. எங்க பொண்ணு ரெண்டு பஸ் மாறிப் போன ஸ்கூலும் கத்தோலிக்க ஸ்கூல்தான், அங்க இடம் இருந்துச்சு. மத வகுப்புல உக்கார வேண்டாம்னு சொல்ற உரிமை அரசியல் சாசனத்துலயே இருக்கு. ஆனா செகண்ட் கிளாஸ்ல புதுநன்மைக்கு, அதாவது கத்தோலிக்கப் பிள்ளைங்க சர்ச்ல முதல் தடவை நற்கருணை வாங்குற சடங்குக்கு, தயார் பண்றது ஸ்கூல் நேரத்துலயே நடக்கும், வாரக்கணக்கா எல்லாரும் பாட்டுப் பழகுவாங்க, இவ கடைசி பெஞ்சுல கலரிங் புக்கோட உக்காந்திருப்பா, ஏழு வயசுல.

அதனால ஸ்கூல் பார்க்கப் போகும்போது மத வகுப்பு நேரத்துல என் பிள்ளை எங்க இருப்பா, யார் பார்த்துக்குவாங்க, என்ன செய்வான்னு நேரடியாக் கேளுங்க. அட்மிஷன் பாலிசியில இதை எழுதியிருக்கணும்னு அதே 2018 சட்டம் சொல்லுது, பொத்தாம்பொதுவா ஒரு வரி எழுதியிருந்தா பிரின்சிபால்கிட்ட விவரமா எழுத்துல வாங்கிக்கோங்க.