2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய ஆல்டோ வெளுத்துவிட்டது. வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாமா?

முழு வண்டியும் வேண்டாம். பானெட், பம்பர் என்று துண்டு துண்டாக என்றால் சமாளிக்கலாம். அதற்கு முன், பெயின்ட் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். வெளுத்த இடத்தில் ரப்பிங் காம்பவுண்டைத் துணியில் தொட்டுத் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால் அங்கே கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு) இல்லை. முதலிலிருந்தே கிளியர் கோட் இல்லாத பெயின்ட் என்றால், வெறும் பாலிஷிலேயே ஓரளவு பளபளப்பு திரும்பும். வெயிலில் கருகிய தோல் மாதிரி கிளியர் கோட் உரிந்திருந்தால் பாலிஷ் வீண், தேய்த்து மறுபடி அடித்தே ஆக வேண்டும்.

உழைப்பெல்லாம் தேய்ப்பதில்தான். துருவை வெறும் தகடு தெரியும்வரை எடுத்து, பள்ளத்துக்குப் பட்டி பார்த்து, பிரைமர் காய்ந்த பிறகு 400, அப்புறம் 800 நம்பர் வாட்டர் பேப்பர். இதில் சோம்பேறித்தனம் பட்டால் அடித்த பெயின்ட் காட்டிக்கொடுத்துவிடும். மழை ஈரத்தில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். காய்ந்த நாளாகப் பாருங்கள்.

ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலக்கும் கிளியர் கோட்டை மட்டும் பட்டறைக்கு விடுங்கள். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஆஸ்துமாவைக் கொண்டுவரலாம், துணி மாஸ்க் தடுக்காது. நிறத்தையே மாற்றுவதானால் ஆர்சி புத்தகத்திலும் மாற்ற வேண்டும்.