பந்தி விசாரித்தவருக்கு இலை இல்லை

கேள்வி: சென்ற இதழில் அமெரிக்க நடிகை தெல்மா ரிட்டரை ‘மாபெரும் நடிகை’ என்று எழுதியிருந்தீர்கள். ஆறு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூட வெல்லாமல், வேலைக்காரி, நர்ஸ் என்று எடுபிடி வேடங்களிலேயே காலம் தள்ளியவரை இப்படிப் புகழ்வது மிகையல்லவா? – வாசகர் ஒருவர்

பதில்: மிகையல்ல. வேடத்தின் அந்தஸ்தைக் கொண்டு நடிப்பை எடைபோடுகிறீர்கள்; ஹாலிவுட்டும் அதைத்தான் செய்தது.

1947-ல், தம் 45-ஆவது வயதில், மகன் கேட்ட பொம்மைக்காகக் கடை கடையாக அலைந்து சலித்த தாயாகச் சில நிமிடங்கள் திரையில் தோன்றியபோது, படத்தின் பெயர்ப் பட்டியலில்கூட ரிட்டருக்கு இடம் இல்லை. மூன்றே ஆண்டுகளில் ‘ஆல் அபவுட் ஈவ்’ வந்தது. ஒப்பனை அறையில் ஈவ் என்ற இளம் ரசிகை தன் சோகக் கதையைச் சொல்லி முடிக்கையில் சுற்றியிருந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் உருகி நிற்க, பெட்டி டேவிஸின் பணிப்பெண்ணாக வரும் ரிட்டர் மட்டும், துரத்திவரும் வேட்டைநாய்கள் மட்டும்தான் இந்தக் கதையில் இல்லை என்ற பொருளில் ஒரு வாக்கியத்தை வீசுகிறார். ஈவின் பாசாங்கை முதலில் இனம் கண்டுகொண்டவர், நீங்கள் சொல்லும் அந்த எடுபிடிதான்.

தொலைக்காட்சி அவரை வேறு விதமாக நடத்தியது. 1955-ல் பேடி சாயெஃப்ஸ்கி எழுதிய ‘த கேட்டர்ட் அஃபேர்’ நாடகத்தில், கணவர் சொந்த டாக்சி வாங்கச் சேர்த்த பணத்தை மகளின் கல்யாணத் தடபுடலுக்குச் செலவிடத் துடிக்கும், நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதித் தாயாக, கதையே தம்மைச் சுற்றிச் சுழலும் வேடத்தில் ரிட்டர் நடித்து, தொலைக்காட்சிக்கான எம்மி விருதுப் பரிந்துரையும் பெற்றார். மறு ஆண்டு அதே கதை திரைப்படமானபோது அந்தத் தாய் வேடம் யாருக்குப் போயிற்று தெரியுமா? பெட்டி டேவிஸுக்கு! டேவிஸைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிராங்ஸ் டாக்சி ஓட்டுநரின் மனைவிக்கும்கூட ஒரு நட்சத்திரம்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் அதே நகரத்தின் புரூக்ளினில் பிறந்தவரை மறந்துவிட்டார்கள். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: 1955 ஆஸ்கர் விழாவை நியூயார்க்கிலிருந்து தொகுத்து வழங்கியவர் இதே ரிட்டர். நாடக மேடை மட்டும் கஞ்சத்தனம் காட்டவில்லை. 1958-ல் இசை நாடகத்துக்கான சிறந்த நடிகை டோனி விருதை, க்வென் வெர்டனுடன் சேர்த்து, அவருக்கும் அளித்தது.

‘ரியர் விண்டோ’வில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் காலை உணவை வாயில் வைக்கும் நேரம் பார்த்து, கொலைகாரன் பிணத்தை எங்கே வைத்து அறுத்திருப்பான் என்று ஆராயும் நர்ஸை நீங்களும் ரசித்திருப்பீர்கள். ஆனால் நான் ‘மாபெரும்’ என்று எழுதியது 1953-ல் வெளிவந்த ‘பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்’ படத்தை மனத்தில் வைத்துத்தான். அதில் கழுத்துப்பட்டி விற்றுக்கொண்டே போலீஸுக்குத் துப்பும் விற்கும் மோ என்ற கிழவி, அநாதைப் பிணமாகப் புதைக்கப்படக் கூடாது என்பதற்காகக் காசு சேர்க்கிறாள். ஒரு முகவரி கேட்டுத் துப்பாக்கியுடன் அறைக்குள் காத்திருப்பவனிடம் அவள் கெஞ்சவில்லை; நாள் முழுதும் அலைந்த அசதியுடன் படுக்கையில் சாய்ந்து, இதற்கு மேல் முடியவில்லை, சுட்டால் எனக்குத்தான் உபகாரம் என்ற தோரணையில் பேசிக்கொண்டே போகிறாள். கேமரா மெல்ல அவளை விட்டு விலகி, பாடிக்கொண்டிருக்கும் இசைத்தட்டின் பக்கம் போகிறது. வெடிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

அந்த ஆண்டு துணை நடிகைக்கான விருது டோனா ரீடுக்குப் போயிற்று.