ஆசிரியை பதில்கள்: மறைந்துபோன மைனஸ்

கேள்வி: என் மகள் பிளஸ் டூ, சயின்ஸ் குரூப். டியூஷன் நோட்ஸ் எல்லாம் பிடிஎஃப்பாக வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. அரை மணி நேரம் படித்தாலே தலைவலி என்கிறாள். வாய்பாடுகளையும் தப்புத் தப்பாக எழுதுகிறாள். கண் டாக்டர் பார்வை சரியாக இருக்கிறது என்கிறார். கவனக்குறைவுதானா?
- ஒரு தாய், ஏற்காடு

பதில்: திட்டிவிடாதீர்கள் அம்மா. ஒரு ஸ்கேலை எடுத்துப் போனின் அகலத்தை அளந்து பாருங்கள். ஏழு சென்டிமீட்டர் இருக்கும். நோட்ஸ் டைப் செய்த ஏ4 தாளின் அகலம் 21. முழுப் பக்கமும் போனில் அடங்கும்போது 11 பாயின்ட் எழுத்து நாலு பாயின்ட்டுக்கும் கீழே போய்விடும். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படித்தால் யாருக்கும் தலை வலிக்கும்.

சொல் மங்கினால் ஊகித்துவிடலாம். எண்ணை ஊகிக்க முடியாது. நம் சேலத்து வெள்ளைக்கல் மெக்னீசியம் கார்பனேட்தானே. அதன் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்கு அடியில் வரும் குட்டி 3, மங்கலில் 2 போலவும் தெரியும், 8 போலவும் தெரியும்.

2020 ஊரடங்கில் நானும் வேதியியல் நோட்ஸை இப்படித்தான் அனுப்பினேன். அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலியில், அதாவது அமிலத்தின் வீரியத்தைக் காட்டும் எண்ணில், 10-இன் அடுக்கு மைனஸ் 5 வர வேண்டும். பலர் மைனஸ் இல்லாமல் எழுதினார்கள். வீரியம் குறைந்த அமிலம் பயங்கர அமிலமாகிவிட்டது! மார்க்கைக் குறைத்தேன். அப்புறம் ஒரு மாணவியின் போனை வாங்கிப் பார்த்தால், அந்தச் சின்னக் கோடு எனக்கே தெரியவில்லை. எல்லோருக்கும் மார்க்கைத் திருப்பிப் போட்டேன். இன்றும் அது என் மனதை உறுத்துகிறது.

இப்போதைக்குப் போனைப் படுக்கைவாட்டில் திருப்பிப் படிக்கட்டும். எழுத்து ஏறக்குறைய இரு மடங்காகும். படம் ஒரு திரையிலும் விளக்கம் அடுத்த திரையிலும் இருப்பதால், படத்தை முதலில் நோட்டில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் சரிசெய்ய வேண்டியது டியூஷன் ஆசிரியர்தான். வேர்டில் பக்க அகலத்தை ஒன்பது சென்டிமீட்டராக்கி, ஓரங்களைக் குறைத்து, எழுத்தின் அளவை அப்படியே விட்டு, மறுபடி பிடிஎஃப் எடுத்தால் போதும். நீளமான சமன்பாடுகளை மட்டும் அவரே பொருத்தமான இடத்தில் மடக்கி எழுத வேண்டும். இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பாகத் தந்தால் இன்னும் நல்லது; வரிகள் திரைக்கேற்பத் தானாக மடங்கும். தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அதுவரை, வாய்பாடு நிறைந்த பக்கங்களையாவது சேலத்துக்கு இறங்கும்போது ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போட்டுக் கொடுங்கள்.