ஓவியமும் மேடையும் பிடித்த மகளுக்கு எந்தக் குரூப்?

மதிப்புக்குரிய ஐயா,

பத்தாம் வகுப்பு முடித்த மகளை எந்தக் குரூப்பில் சேர்ப்பது, தலைமைப் பண்பை வளர்ப்பதாக விளம்பரம் செய்யும் கோடை முகாமுக்குப் பணம் கட்டலாமா, அரசியல் பேசும் பெண்ணுக்குப் பின்னாளில் அரசு வேலையில் சிக்கல் வருமா என்று கேட்டிருந்தீர்கள். படம் வரைவதும் மேடையில் பேசுவதும் சோறு போடுமா என்ற கவலைதான் மூன்றுக்கும் அடியில் இருக்கிறது; அச்சகம் நடத்தி, மாதாமாதம் வங்கித் தவணை கட்டும் ஒரு தகப்பனாருக்கு அது வருவது இயல்பு.

முகாமுக்குப் பணம் கட்ட வேண்டாம். ஆண்டு விழா நாடகத்துக்கு வகுப்பில் வசூலான பணத்தைத் தங்கள் மகளே வைத்திருந்ததாகவும், உடை வாடகை, அட்டை, பெயிண்ட், தேநீர் என்று நோட்டில் எழுதி, மிச்சத்தைப் பங்கிட்டுத் திருப்பிக் கொடுத்ததாகவும் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகவே கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன். பிறர் பணத்துக்குக் கேட்காமலே கணக்குக் கொடுக்கும் பிள்ளைக்குத் தலைமைப் பண்பைப் புதிதாக யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மேடையில் நன்றாகப் பேசும் மாணவர்கள் பலரை எனக்குத் தெரியும். கணக்கு நோட்டை மேசைமேல் வைப்பவர்கள் அவர்களுள் குறைவு.

கலையும் கணக்கும் ஒட்டாதவை என்று தாங்கள் எழுதியிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் தொடங்கப்பட்ட சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் அப்போது சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். ஓவியம் பயின்று வெளியே வரும் மாணவர்கள் பிழைப்புக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடுவதைக் கண்ட அவர், மெழுகு தடவிச் சாயமேற்றும் பாட்டிக் துணி முதலிய கைவினைப் பொருள்களைக் கூட்டாகச் செய்து விற்று, அந்த வருவாயில் நிலம் வாங்கிக் குடியேறி, மீதி நேரத்தில் ஓவியமும் சிற்பமும் செய்யலாம் என்ற ஏற்பாட்டுக்கு அவர்களைத் திரட்டினார். அந்தக் கிராமம் இன்றும் இருக்கிறது; ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். ஓவியத்துக்குச் சோறு போட்டது கைவினை. கைவினையையும் விற்பனையையும் நிலத்தையும் இத்தனை பேரின் மனக்கசப்புகளையும் சேர்த்து நடத்திச் செல்ல ஒருவர் முன்னின்றார் என்பதே அந்த முயற்சியில் நான் மிகவும் மதிக்கும் செய்தி.

இதற்கான பள்ளிக்கூடம் தங்கள் அச்சகத்திலேயே இருக்கிறது. மகள் வடிவமைத்த திருமண அழைப்பிதழ்களை வாடிக்கையாளர்கள் விரும்பிக் கேட்கிறார்கள் என்றால், அடுத்த ஆர்டரில் காகிதம், பிளேட், மை, கூலி, வேஸ்டேஜ் எல்லாவற்றையும் கூட்டி அவளையே விலை சொல்லச் சொல்லுங்கள். தங்க நிறம் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தால் அழகு எவ்வளவு கூடுகிறது, செலவு எவ்வளவு கூடுகிறது என்பதை அவள் தானே எடைபோடட்டும். வடிவமைப்புக்கென்று ஒரு சிறு தொகையையும் அவள் பெயரில் எழுதுங்கள். வீட்டுப் பிள்ளையின் உழைப்பை இனாமாக வாங்கும் வழக்கம் நம்மிடம் கொஞ்சம் அதிகம்தான்.

குரூப் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு இயற்பியலும் வேதியியலும் பிடிக்கவில்லை என்றால் பொறியியலை நினைத்து அறிவியல் பிரிவில் தள்ள வேண்டாம். வணிகவியல் பிரிவு போதும். ஆனால் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகியவற்றோடு நான்காவதாகக் கணினிப் பயன்பாடு எடுப்பதா, வணிகக் கணிதமும் புள்ளியியலும் எடுப்பதா என்று பள்ளியில் கேட்கும்போது, மதிப்பெண் எளிதாக வரும் என்று முதலாவதற்குத் தலையாட்டிவிடாதீர்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஆனர்ஸ் பொருளியலுக்கு பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வான க்யூட்டில் கணிதத் தாள் எழுத வேண்டும். எங்கே படித்தாலும் பொருளியல் மேற்படிப்பு கணிதமின்றி நகராது. அந்த மேற்படிப்பு இல்லாமல் யூ.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுத இயலாது. வணிகக் கணிதத்தை ஏற்கும் விதம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடுவதால், அந்தந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பின் மீது ஆசை நிலைத்தால் நிப்ட் (தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம்), என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) ஆகியவற்றின் பி.டெஸ். என்னும் வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கான நுழைவுத் தேர்வுகளை எந்தக் குரூப் மாணவரும் எழுதலாம்; அங்கே கட்டணம் அதிகம். சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் செலவு மிகக் குறைவு.

அரசியலைப் பற்றி, அவளுக்கும் படித்துக் காட்டும்படி எழுதுகிறேன். வாக்களிக்க 18 வயது, ஊராட்சித் தேர்தலில் நிற்க 21, சட்டமன்றத்துக்கு 25. தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால், அவளுடைய ஆசையைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்க முடியாது. எனினும் அரசியலையே வருமானமாக நம்பி இறங்குபவர், யாரிடம் செலவுக்கு வாங்குகிறாரோ அவருடைய கருத்தையே பேச நேரிடும். சொந்தச் சம்பாத்தியம் உள்ளவரால்தான் கட்சிக் கூட்டத்தில் எழுந்து மறுத்துப் பேச முடியும் என்பது என் எண்ணம். பட்டம் பெற்றபின், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு ஆய்வு உதவியாளராகப் பணியாற்றும் லாம்ப் பெல்லோஷிப், தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் போன்றவை அரசு நடக்கும் விதத்தை உதவித்தொகையோடு கற்றுத்தரும்.

கருத்துச் சொன்னதற்காக மட்டும் அரசு வேலை கைநழுவிப் போகாது. குற்ற வழக்கு ஏதேனும் இருந்தால் சரிபார்ப்புப் படிவத்தில் மறைக்கக் கூடாது. மறைத்தால் நியமனம் ரத்தாகலாம், ஆனால் மறைக்கப்பட்டதன் தன்மையையும் எடைபோட்டே முடிவெடுக்க வேண்டும் என்று 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அரசு ஊழியரான பிறகு, 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி கட்சியில் உறுப்பினராக இருக்க இயலாது. ஆகவே அரசுப் பணியா, தேர்தல் அரசியலா என்பதை அவள் ஒருநாள் முடிவு செய்தாக வேண்டும். அதற்குப் பட்டப்படிப்பு முடியும்வரை அவகாசம் இருக்கிறது. அவசரமாகச் செய்ய வேண்டியது, அவளுடைய பள்ளியில் வணிகக் கணிதப் பிரிவு இருக்கிறதா என்று சேர்க்கை தொடங்குமுன் தலைமை ஆசிரியரிடம் விசாரிப்பதுதான். இல்லையென்றால், மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு அது இருக்கும் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்.